தாத்தாவின் இருக்கையில் பேரன்: சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு ஒரு பழைய வண்டி



2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து ஒரு கார் புறப்பட்டது. அதற்கு அப்போது வயது 64. அடர்நீல வண்ணம், அலுமினிய உடம்பு, இங்கிலாந்துப் பதிவு எண். ஜொகூர் பாலத்தைக் கடந்த அந்த வண்டிக்குப் போகவேண்டிய ஊர் கோலாலம்பூரோ பினாங்கோ அல்ல, லண்டன்.

விமானத்தில் ஏறினால் பதின்மூன்று, பதினான்கு மணி நேரத்தில் லண்டனில் இறங்கிவிடலாம். அப்படியிருக்க, பென்ஷன் வாங்கவேண்டிய வயதில் உள்ள ஒரு வண்டியை மலைக்கும் பாலைவனத்துக்கும் ஏன் இழுத்துச் செல்லவேண்டும்? இது வீண் பிடிவாதமா, வெறும் விளம்பரமா, இல்லை வேறு பொருள் உண்டா? பழைய வண்டியில் நெடும்பயணம் என்ற இன்றைய தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இந்த வட்டாரத்தில் கிடைப்பது அரிது. காரணம், இந்தக் கதை தொடங்கியது லண்டனில் என்றாலும் அதன் பாதிக் கதை சிங்கப்பூரையும் மலாயாவையும் சேர்ந்தது.

ஆறு மாணவர்கள், இரண்டு வண்டிகள்

1955ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய இரு பல்கலைக்கழகங்களையும் சேர்ந்த ஆறு மாணவர்களுக்கு ஓர் ஆசை வந்தது. ஐரோப்பாவின் ஒரு முனையிலிருந்து ஆசியாவின் தென்கோடி வரை தரைவழியாகவே காரில் போய்ச் சேரவேண்டும். அதுவரை யாரும் அதை முழுமையாகச் செய்ததில்லை. 

மாணவர்களிடம் பணம் இல்லை. ஆனால் பேச்சுத் திறமை இருந்தது. நிறுவனங்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார்கள். லேண்ட் ரோவர் வண்டிகளைத் தயாரித்த ரோவர் நிறுவனம் இரண்டு வண்டிகளைக் கொடுத்தது. அடர்நீல வண்டிக்கு ஆக்ஸ்போர்டு என்றும் இளநீல வண்டிக்குக் கேம்பிரிட்ஜ் என்றும் பெயர் வைத்தார்கள். பிபிசி தொலைக்காட்சியில் அப்போது இளம் தயாரிப்பாளராக இருந்த டேவிட் அட்டன்பரோ, படம் எடுப்பதற்கான பிலிம் சுருளைக் கொடுத்து உதவினார். பின்னாளில் உலகமே அறிந்த இயற்கைப் படங்களை எடுத்த அதே அட்டன்பரோதான்.

அந்த அறுவரும் சாதாரணப் பிள்ளைகள் அல்லர். குழுவின் படப்பிடிப்பாளர் ஆண்டனி பேரிங்டன் பிரவுன். மரபணுவின் இரட்டைச் சுருள் வடிவத்தைக் கண்டுபிடித்த வாட்சனும் கிரிக்கும் தங்கள் மாதிரியின் அருகில் நிற்கும் புகழ்பெற்ற படத்தை 1953இல் எடுத்தவர் அவரே. இன்னொருவரான ஏட்ரியன் கோவல், பிற்காலத்தில் அமேசான் காடுகள் அழிவதை ஆவணப்படங்களாக எடுத்து உலகின் கவனத்தை ஈர்த்தார். பயணத்தை நூலாக எழுதியவர் டிம் ஸ்லெஸ்ஸர். இந்த டிம் ஸ்லெஸ்ஸர் என்ற பெயரை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1955 செப்டம்பர் 1ஆம் தேதி லண்டன் ஹைட் பார்க்கிலிருந்து இரு வண்டிகளும் கிளம்பின. ஐரோப்பா, துருக்கி, ஈராக், ஈரான், பாகிஸ்தான், இந்தியா, நேப்பாளம் என்று வழி நீண்டது. இதுவரை கடினம் என்றாலும் முடிந்த காரியமே. உண்மையான சோதனை அஸ்ஸாமுக்கு அப்பால் காத்திருந்தது.

காடு விழுங்கிய சாலை

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தனர். சீனாவுக்கு உதவிப் பொருள் அனுப்பும் தரைவழி அறுந்துபோனது. அதை மீட்க, அஸ்ஸாமில் உள்ள லேடோ என்ற ஊரிலிருந்து வட பர்மா வழியாக ஒரு புதிய சாலையை 1942 இறுதியில் வெட்டத் தொடங்கினார்கள். அமெரிக்கத் தளபதி ஸ்டில்வெல்லின் பெயரால் அது ஸ்டில்வெல் சாலை எனவும் அழைக்கப்பட்டது. மலை, சேறு, மலேரியா மூன்றும் ஒன்றுசேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களின் உயிரைக் குடித்தன. ஆசியத் தொழிலாளர்களும் பலர் மடிந்தனர். சாலை 1945 ஜனவரியில் முடிந்தது. அவ்வாண்டே போரும் முடிந்தது. பிறகு அந்தச் சாலையைக் கவனிப்பார் இல்லை. பாலங்களை ஆற்று வெள்ளம் அடித்துச் சென்றது. மிச்சத்தைக் காடு விழுங்கியது.

இந்த இடத்தில் மலேசிய, சிங்கப்பூர் நேயர்களுக்கு வேறொரு பாதை நினைவுக்கு வராமல் இருக்காது. அதே காலத்தில், 1942, 43ஆம் ஆண்டுகளில், மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர்களை ஜப்பானியர் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் மரண ரயில் பாதையை அவர்கள் உடம்பால் போட்டார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம். பர்மாவை நோக்கிப் போகும் எந்தப் பாதையும் வெறும் பாதை அல்ல. கீழே எலும்புகள் உண்டு.

1956ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மழை இல்லாத பருவத்தில், அந்த ஆறு மாணவர்கள் கைவிடப்பட்ட லேடோ சாலையில் இறங்கினார்கள். பாலம் இல்லாத ஆறுகளில் வண்டியை நேராகத் தண்ணீரில் இறக்கி மறுகரை ஏற்றினார்கள். மழை தொடங்கியிருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். பர்மாவைத் தாண்டித் தாய்லாந்துக்குள் நுழைந்தபோதே வெற்றி உறுதியாகிவிட்டது.

அவர்கள் மலாயாவுக்குள் வந்த நேரமும் கவனிக்கத்தக்கது. நாட்டில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. இரவில் ஊரடங்கு, சாலையில் சோதனைச் சாவடி, கறுப்புப் பகுதி, வெள்ளைப் பகுதி என்று பிரித்துவைத்திருந்த காலம். தோட்டப்புறத்துப் பெரியவர்களைக் கேட்டால் அந்தச் சடக்குகளில் பயணம் செய்வது எப்படி இருந்தது என்று சொல்வார்கள். அதே பிப்ரவரி 20ஆம் தேதிதான் துங்கு அப்துல் ரஹ்மான் மலாக்காவில் மக்கள் முன் நின்று சுதந்திர நாளை அறிவித்தார். இரண்டு வாரம் கழித்து, மார்ச் 6ஆம் தேதி, இரு வண்டிகளும் சிங்கப்பூரை அடைந்தன. லண்டனிலிருந்து ஆறு மாதம் ஆறு நாள்.

வண்டியும் ஒருநாள் ஓடத்தில்

பயணம் முடிந்தபின் இரு வண்டிகளின் தலைவிதியும் வேறு வேறாக அமைந்தது. கேம்பிரிட்ஜ் என்ற வண்டி பின்னர் மற்றொரு பயணத்தில் ஈரான் மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்து அழிந்தது. ஆக்ஸ்போர்டுக்குக் கிடைத்தது தீவாந்தர வாழ்க்கை. பறவை ஆராய்ச்சியாளர் குழு ஒன்று அதை அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள அசென்ஷன் தீவுக்குக் கொண்டுபோனது. அங்கிருந்து நெப்போலியன் சிறை வைக்கப்பட்ட செயிண்ட் ஹெலினா தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்று சொல்வார்கள். ஓடத்தில் ஏறிப் போன இந்த வண்டி பல பத்தாண்டுகள் திரும்பவே இல்லை. துருப்பிடித்து, உறுப்புகள் குறைந்து, யாருக்கும் நினைவில்லாமல் கிடந்தது.

2017ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஆர்வலர் ஒருவர் அதைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தார். மீண்டும் ஓடச் செய்தார். ஓடும் வண்டி இருக்கிறது என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி தானாகவே எழுந்தது. அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த வண்டி, இன்று சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குப் போகுமா? ஆவணப்பட இயக்குநர் அலெக்ஸ் பெஸ்கோபி குழுவைத் திரட்டினார். அன்று இளைஞராக வந்த டிம் ஸ்லெஸ்ஸரும் உடன்வர ஒப்புக்கொண்டார். 2019இல் அவருக்கு வயது 87.

காலியான இருக்கை

அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, தான் ஓட்டிய அதே வண்டியில், தான் வந்த வழியே திரும்பிப் போவது என்பது எத்தனை பேருக்குக் கிடைக்கும் பேறு? முதியவர் சிங்கப்பூர் வரை வந்துவிட்டார். ஆனால், புறப்படும் நேரத்தில் அவர் உடல்நலம் குன்றியது. வண்டி தயாராக இருந்தது, மனிதர் தயாராக இல்லை. அவர் வீடு திரும்பவேண்டிய நிலை.

அவருடைய இருக்கையில் பேரன் நேட் ஜார்ஜ் அமர்ந்தார்.

பழைய வண்டியைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் எஞ்சினின் வயதைக் கேட்கிறார்கள். எஞ்சினுக்கு வேறு உறுப்பு போடலாம். தேய்ந்ததைக் கடைந்து சரிசெய்யலாம். மனிதனுக்கு அது இயலாது. எந்த ஆற்றில் எப்படி இறங்கினோம், எந்த ஊரில் யார் உதவினார்கள் என்பதெல்லாம் மனிதர் தலையில் இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள ஒரு பேரன் பக்கத்தில் இருக்கவேண்டும். ஸ்லெஸ்ஸர் குடும்பத்தில் தாத்தாவின் நூலும் இருந்தது, அந்த இருக்கையில் ஏற மனமுள்ள பேரனும் இருந்தார். அதனால் கதை அறுபடவில்லை.

பழைய எஞ்சினின் பலமும் பலவீனமும்

இனி வண்டிக்கு வருவோம். லேண்ட் ரோவர் 1948ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது. போருக்குப் பின் இங்கிலாந்தில் இரும்புக்குப் பங்கீடு இருந்ததால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அந்தத் தட்டுப்பாடே பின்னால் வரமாயிற்று. உடம்பு துருப்பிடிக்காது. அடித்தட்டு இரும்பு மட்டும்தான் துருவுக்கு அஞ்சவேண்டும். 1955ஆம் ஆண்டு வண்டியில் இரண்டு லிட்டர் பெட்ரோல் எஞ்சின். பவர் ஸ்டீரிங் இல்லை. குளிர்சாதனம் இல்லை. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். இறக்கத்தில் பிரேக்கையே அழுத்திக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். அதனால் ஏறிய அதே கீரில்தான் இறங்கவேண்டும்.

வெப்பம் முதல் எதிரி. எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். பம்ப் ஆவியைத்தான் இழுக்கும், வண்டி நின்றுவிடும். பழைய ஓட்டுநர்கள் ஈரத் துணியைப் பம்பின் மேல் சுற்றிச் சற்று நேரம் காத்திருப்பார்கள். உயரம் இரண்டாவது எதிரி. 2019 பயணத்தில் வண்டி நேப்பாளத்திலிருந்து திபெத் மேட்டுநிலத்தில் ஏறியது. அங்கே 5,000 மீட்டருக்கு மேல் கணவாய்கள் உண்டு. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். எஞ்சினுக்குப் போகும் காற்று குறைகிறது, கார்புரேட்டர் பெட்ரோலை மட்டும் பழைய அளவில் விடுகிறது. கறுப்புப் புகை வரும், பலம் பாதியாகும். புதிய காரில் கணினி இதைத் தானே சரிசெய்துகொள்ளும். பழைய வண்டியில் மனிதன் இறங்கி, பானட்டைத் திறந்து, கையால் சரிசெய்யவேண்டும்.

மூன்றாவது, இன்றைய பெட்ரோல். அக்கால எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்யப்பட்டவை. ஈயம் நீங்கியபின் வால்வு அமரும் இடம் விரைவில் தேயும். கடினமான உலோக வளையம் பொருத்தித்தான் நெடும்பயணத்துக்கு அனுப்பவேண்டும். சில நாடுகளில் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர் குழாய்களை அரித்துவிடும்.

இத்தனை குறையும் சொன்னபின் ஒரு நிறையையும் சொல்லவேண்டும். இந்த வண்டியில் கெட்டுப்போவதை எல்லாம் கண்ணால் பார்க்கலாம். ஃபேன் பெல்ட் அறுந்ததா, பாயிண்ட் கருகியதா, குழாய் ஒழுகுகிறதா, பார்த்தால் தெரியும். சிற்றூரில் உள்ள பட்டறைக்காரர் ஸ்பேனரும் உளியும் கொண்டு ஏதாவது வழி செய்வார். துணைக்குப் புதிய லேண்ட் ரோவர் வண்டிகளும் உடன் சென்றன என்றாலும், புதிய வண்டியில் கணினிப் பெட்டி பழுதானால் அந்தப் பெட்டி கிடைக்கும் நகரம் வரை இழுத்துச் செல்வதைத் தவிர வேறு வழி குறைவு.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணத்திலேயே அது மெய்யாயிற்று. 1888ஆம் ஆண்டு ஜெர்மனியில் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காரை ஓட்டிச் சென்றார். வழியில் எரிபொருளை மருந்துக்கடையில் வாங்கினார். அடைத்த குழாயைத் தொப்பி ஊசியால் குத்தினார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் செய்தார். பழைய வண்டி ஓட்டுநரிடம் கேட்பது இந்தச் சாமர்த்தியத்தைத்தான். பதிலுக்கு அது தருவதும் மனிதர்களின் உறவைத்தான். சாலை ஓரத்தில் பழைய வண்டி நின்றால் நாலு பேர் கூடிவிடுவார்கள். கோப்பி வரும், யோசனை வரும், உறவும் வந்துவிடும்.

மூடிக்கொள்ளும் கதவுகள்

ஆனால் பட்டறைக்காரரால் சரிசெய்ய முடியாத ஒன்று உண்டு. அது எல்லைக் கதவு.

ஆக்ஸ்போர்டு 2019 டிசம்பர் 14ஆம் தேதி லண்டனை அடைந்தது. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள், 111 நாள்கள். அது புறப்பட்ட நேரத்தை இப்போது திரும்பிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. மியன்மாரின் தாமுவுக்கும் மணிப்பூரின் மோரேவுக்கும் இடைப்பட்ட எல்லை, 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில்தான் வெளிநாட்டுப் பயணிகளுக்கு முறையாகத் திறக்கப்பட்டது. 2020 மார்ச்சில் கொரோனாவால் உலகமே கதவடைத்தது. 2021 பிப்ரவரி 1ஆம் தேதி மியன்மாரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது, உள்நாட்டுப் போர் மூண்டது. 2023 மே மாதம் மணிப்பூரிலும் கலவரம் வெடித்தது. அந்த வழி பழைய நிலைக்குத் திரும்பவில்லை. திறந்திருந்த காலம் இரண்டு ஆண்டுகூட இல்லை.

மோரே என்ற பெயரைக் கடந்து போய்விடக்கூடாது. 1962இல் பர்மாவில் நே வின் ஆட்சிக்கு வந்தபின் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமையாக்கினார். அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்கள் வெறுங்கையோடு தமிழகம் அனுப்பப்பட்டனர். அங்கே வாழ வழியின்றி, பிறந்த மண்ணுக்கே தரைவழியாகத் திரும்ப முயன்றவர்களில் சிலர் எல்லையில் தடுக்கப்பட்டு மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். கோயில் கட்டினார்கள், தமிழ்ச் சங்கம் அமைத்தார்கள். ஆர்வலருக்குக் கதவு மூடினால் பயணம் தள்ளிப்போகும். எல்லையில் வாழும் மனிதனுக்குக் கதவு மூடினால் வாழ்க்கையே திசை மாறும். நெடும்பயணம் போகிறவர் இந்த வேறுபாட்டை மறக்காமல் இருந்தால், அவருடைய பயணம் வெறும் பெருமையாக முடியாது.

புறப்பட நினைப்போருக்கு

நேயர்களில் சிலருக்கு இதைக் கேட்டு ஆசை எழலாம். வடக்கே போக இன்று பலர் எடுக்கும் வழி, மலேசியா, தாய்லாந்து, லாவோஸ் கடந்து சீனாவின் யுன்னான். சீனாவில் வெளிநாட்டுக் காருக்குத் தற்காலிகப் பதிவும் வழிகாட்டியும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யவேண்டும். இந்தியா, நேப்பாளம் போன்ற நாடுகளுக்குள் காரைக் கொண்டுபோக, ‘கார்னே’ என்ற சுங்க ஆவணம் தேவை. காரை அங்கே விற்றுவிடாமல் திரும்பக் கொண்டுவருவேன் என்பதற்கான உத்தரவாதம் அது. ஒரு முத்திரை விடுபட்டாலும் பிணைப்பணம் சிக்கிக்கொள்ளும்.

சிங்கப்பூரில் இருப்போருக்கு வேறு கட்டுப்பாடும் உண்டு. பத்தாண்டு உரிமைச் சான்றிதழ் முறையில் கார்கள் பழையதாகும் முன்னரே சாலையைவிட்டு விலகிவிடுகின்றன. 35 வயது கடந்த கார்களுக்கென உள்ள பாரம்பரியக் கார் திட்டத்தில், வருடத்துக்கு 45 நாள் வரைதான் ஓட்டலாம். மலேசியாவில் அந்தத் தடை இல்லை. பல வீட்டுக் கொட்டகைகளில் அப்பா ஓட்டிய மோரிஸ் மைனரோ ஆஸ்டினோ துணி போர்த்தி நிற்கக்கூடும்.

அப்படி ஒரு வண்டி வீட்டில் இருந்தால், லண்டன் வரை போகவேண்டியதில்லை. ஈப்போவிலிருந்து கேமரன் மலை வரை போனாலும் போதும். ஆனால் ஓட்டத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே போகவேண்டும். அவர் பக்கத்தில் பிள்ளையை உட்காரவைக்கவேண்டும். எந்தச் சத்தம் நல்ல சத்தம், எது கெட்ட சத்தம் என்பதை அவர் வாயால் கேட்டு, ஒரு நோட்டில் எழுதிவைக்கவேண்டும். அன்று எந்தத் தோட்டத்தில் யார் இருந்தார்கள், எந்தச் சாவடியில் நிறுத்திச் சோதனையிட்டார்கள் என்பதும் அந்த நோட்டில் ஏறட்டும்.

எஞ்சினை மாற்றலாம். எல்லை என்றாவது திறக்கும். 87 வயதுப் பெரியவரின் பயணத்தை மட்டும் தள்ளிப்போட முடியாது என்பதைத்தான் ஆக்ஸ்போர்டு வண்டியின் கதை சொல்கிறது.